பூட்டில்லாத பேட்டரிப் பெட்டி

அந்த மனிதர் எங்கள் கடைப் படியேறியபோது கையில் பேட்டரி இல்லை. பேட்டரிக் கடைக்கு வருகிற ஆள் பேட்டரியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, உஸ் உஸ் என்று மூச்சு வாங்கியபடி வருவதுதான் முறை. இவர் சைக்கிள் கேரியரில் ஒரு பழைய தினசரித் தாளைச் சுருட்டி, வாழை நாரால் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

தாளை மேஜைமேல் விரித்தார். காற்றில் பறக்காமல் இருக்க, நான் பிரித்துப் போட்டிருந்த ஈயப் பிளேட்டுகளில் நாலை எடுத்து மூலைக்கொன்றாக வைத்தார். என்னைக் கேட்கவெல்லாம் இல்லை. தாள் முழுக்க ஒரே கரி.

"அம்மிணி, இதுல ஒரு பொட்டி இருக்குது. தெரியுதுங்களா?" என்றார்.

"எனக்குக் கரிதானுங்க தெரியுது" என்றேன். அப்போது எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். இப்போது மட்டும் குறைந்துவிட்டதா என்று என் மருமகள் கேட்பாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வண்டியோட சேஸிஸ் சட்டத்துல தாளை ஒட்ட வெச்சு, தேங்காத் தொட்டிக் கரியால தேச்சனுங்க. பொட்டி போயி பல வருசமாச்சு. அது இருந்த தடம் மட்டும் போகலை" என்றார்.

குனிந்து பார்த்தேன். கரிக்கு நடுவே போல்ட்டு ஓட்டைகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. பெட்டியின் விளிம்பு அழுந்திய இடத்தில் துரு ஒரு கோடு இழுத்திருந்தது. அதற்குக் கீழே தகட்டை ஏதோ அரித்துக்கொண்டு இறங்கிய மாதிரி இரண்டு ஒழுகல். மற்றதெல்லாம் எனக்குப் புரியாமல் போகலாம். ஆசிட் ஒழுகின தடம் எனக்குப் புரியாமல் போகுமா?

"இதுல ரெண்டு பேட்டரி இருந்துச்சுங்களா?" என்றேன்.

அந்த மனிதர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "ஆமாங்க அம்மிணி. ஆறு வோல்ட்டு ரெண்டு. பக்கத்துப் பக்கத்துல" என்றார். பிறகுதான் நான் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தார்.

சேலையில் விழுந்த ஓட்டைகள்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. எழுபதுகளின் கடைசியில் நாமக்கல் பரமத்தி ரோட்டில் நானும் என் வீட்டுக்காரரும் பேட்டரிக் கடை போட்டிருந்தோம். சார்ஜ் போடுவது அவர் வேலை. செத்த பேட்டரியைப் பிரித்து, பிளேட் மாற்றி, தார் காய்ச்சி ஊற்றி உயிர் கொடுப்பது என் வேலை. பொம்பளை பேட்டரி கட்டுகிறாளாம் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூடப் பிறகு வாடிக்கையாகிவிட்டார்கள்.

ஆசிட் ஒரு துளி சேலையில் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. துவைத்துக் காயப் போடும்போதுதான் ஓட்டை தெரியும். என் சேலைகள் எல்லாமே சல்லடைதான். கல்யாணம் காட்சிக்குக் கட்ட ஒரே ஒரு சேலையைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். அதுவும் எப்படியோ ஒரு ஓட்டை வாங்கியிருந்தது.

கடையின் வாசனை எனக்கு இப்போதும் மூக்கில் ஏறும். சூடான தார், புளித்த ஆசிட், ஈயம் உருகும் நெடி. அதற்கு மேல் பக்கத்துப் பட்டறையிலிருந்து லாரி பாடி கட்டுகிறவர்கள் அறுக்கும் தேக்கு வாசனை. எங்கள் ரோட்டில் அந்த நாளில் லாரி இல்லாத பார்வை என்று ஒன்று கிடையாது. பிள்ளைகள் அம்மா சொல்லும் முன்பே லாரி சொன்னார்கள். என் மகனும் அப்படித்தான்.

அறுக்கலாமா, நிறுத்தலாமா?

வந்தவர் பெயர் செங்கோடன். பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்து ஹவில்தாராகத் திரும்பியவர். பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், ஆற்றோரத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் ஹவில்தார்தான். சைக்கிளில் போனால்கூட முதுகு வளையாது.

உலக யுத்த காலத்து ராணுவ லாரி ஒன்று, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, ஏலத்தில் கைமாறிக் கைமாறி எங்கள் பக்கம் வந்திருந்தது. கொஞ்ச காலம் கரும்பு ஏற்றியது. பிறகு ஓட்ட ஆளில்லாமல் ஒரு வேப்ப மரத்தடியில் நின்று கோழி அடைகாக்கும் இடமாயிற்று. அதை ஹவில்தார் வாங்கித் தன் களத்துக்குக் கட்டி இழுத்துவந்து நிறுத்தினார். அதே மாதிரி வண்டியை அவர் பர்மா எல்லையில் ஓட்டியிருந்தார்.

மலைமேல் அவருடைய பழைய ரெஜிமெண்டின் பயிற்சி சென்டர் இருந்தது. எந்த மலை என்று சொன்னால் அங்கிருப்பவர்கள் எனக்குக் கடிதம் போடுவார்கள். மலை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வாசலில் நிறுத்தி வைக்க அந்தக் காலத்து வண்டி ஒன்று வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஹவில்தார் எழுதிப் போட்டார். வருகிறோம், பார்க்கிறோம் என்றார்கள். இரண்டு நிபந்தனை. வண்டி பழைய மாதிரியே முழுசாக இருக்க வேண்டும். மலைக்குத் தானே ஓடி வர வேண்டும்.

என்ஜினை அவரே சரி செய்துவிட்டார். விளக்கு, கண்ணாடி, தார்ப்பாய்க் கம்பி எல்லாம் தேடிப் பிடித்துவிட்டார். பேட்டரிப் பெட்டி மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. கரும்பு ஓட்டியவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, சீட்டுக்கு அடியில் சாதாரண பேட்டரியை வைத்துக் கயிற்றால் கட்டி ஓட்டியிருந்தார்கள்.

"ஏனுங்க, சீட்டுக்கு அடியிலயே இருந்தா என்னுங்க? ஓடினாச் செரி" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"அப்படி வெச்சா ரெஜிமெண்டுக்காரரு வேண்டாம்பாரு தம்பி. அவரு வேண்டான்னுட்டா எம்பையன் வண்டிய அறுத்துப் போடுவான்" என்றார் ஹவில்தார்.

அவர் மகன் தங்கவேலு கெட்டவன் இல்லை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் கம்பெனியில் கூட்டு. அந்த வருடங்களில் மழை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. கெங்கவல்லிப் பக்கம் ஆகட்டும், ஆந்திரா ஆகட்டும், ரிக் வண்டி வராதா என்று சனம் காத்துக் கிடந்தது. இவர்களுடைய ரிக் சாதாரண லாரிமேல் ஏற்றியது. உழுத காட்டுக்குள் இறங்கினால் புதைந்துவிடும். நாலு சக்கரமும் இழுக்கும் ராணுவ சேஸிஸ் ஒன்று வீட்டுக் களத்திலேயே நிற்கும்போது அவன் கண் அதன்மேல் விழாமல் என்ன செய்யும்? பின்பக்கத்தை அறுத்து ரிக்கை ஏற்றிவிட்டால் அவன் தொழில் நிமிர்ந்துவிடும்.

அப்பனும் மகனும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். தை பிறப்பதற்குள் ரெஜிமெண்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டால் வண்டி மலைக்கு. இல்லையென்றால் ரிக்குக்கு. பேசி என்று சொன்னேன், ஆனால் நேரில் பேசவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு நின்று கொஞ்ச நாளாகியிருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து, இவர் சொன்னதை அவனுக்கும் அவன் சொன்னதை இவருக்கும் சொல்லித் தீர்த்து வைத்தாராம்.

எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். 'அவனுக்கு ரசம் ஊத்துங்க' என்று மூன்றாவது ஆளிடம் சொல்வார்கள். கோபம் வந்தால்கூட 'ங்க' போட்டுத்தான் வரும்.

அப்போது தீபாவளி முடிந்திருந்தது. தை ஒன்றும் தூரத்தில் இல்லை.

குப்பண்ணனின் தாமரை

எங்கள் கடைக்கு அடுத்த கொட்டகையில் குப்பண்ணன் என்று ஒரு டிங்கர் இருந்தார். தகடு அடிப்பதில் மன்னன். எதைச் செய்தாலும் அதில் ஒரு பூ வைக்காமல் அவருக்குக் கை அடங்காது. லாரி மட்காட்டில் பூ. டீசல் டேங்கில் பூ. ஒருமுறை என் வீட்டுக்காரர் குப்பை அள்ள முறம் ஒன்று கேட்டார். அதிலும் ஒரு மயில் வந்தது.

ஹவில்தாரின் கரித் தாளைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தோம். பேட்டரி அளவு என் பொறுப்பு. இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகளை நானே கட்டினேன். அடியில் மரச் சட்டம், ஆசிட் வடிய ஓட்டை, பேட்டரி குதிக்காமல் மேலே அமுக்கிப் பிடிக்க ஒரு இரும்புச் சட்டம், எல்லாம் நான் சொல்லச் சொல்லக் குப்பண்ணன் அடித்தார். உள்ளே தார்ப் பெயிண்ட் இரண்டு கை. ஆசிட் சாப்பிட வந்தால் பட்டினி கிடக்கட்டும் என்று மூன்றாவது கையும் பூசினேன்.

பெட்டி முடிந்தபோது எங்களுக்கே கர்வமாக இருந்தது. கெட்டித் தகடு. மூலைக்கு மூலை ஆங்கிள் இரும்பு. மூடியின் நடுவில் ஒரு தாமரை. முன்பக்கம் கனமான கொண்டி, அதில் பித்தளைப் பூட்டு. பூட்டுக்கு நான் குங்குமம் வைத்தேன். எங்கள் கடையில் அது ஒரு பழக்கம். புது வண்டிக்குப் பேட்டரி ஏற்றினால் பூட்டு எங்கள் அன்பளிப்பு.

ஏன் பூட்டு என்று நாமக்கல்காரர்களிடம் கேட்க வேண்டாம். பம்பாய், கல்கத்தா என்று போகிற வண்டி வழியில் நின்றால் முதலில் காணாமல் போவது பேட்டரிதான். எங்கள் வாடிக்கைக்காரர் ஒருவர் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருக்கிறார். விடிந்து பார்த்தால் பாய் இருந்ததாம், பேட்டரி இல்லை. அதனால் பூட்டில்லாத பேட்டரிப் பெட்டியை எங்கள் ரோட்டில் யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

ஹவில்தார் வந்தார். பெட்டியைச் சுற்றி வந்தார். தாமரையைத் தடவினார். பூட்டைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்து, நான் சொம்பில் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"பூட்டு எதுக்குங்க அம்மிணி?"

"களவு போயிருமுங்களே."

"பட்டாளத்துல ஆரு வண்டிய ஆரு களவாடறது?" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "பர்மாப் பக்கம் மழை புடிச்சா உடாதுங்க. ஒத்தையடி ரோடு. ஒருபக்கம் மலை, ஒருபக்கம் பள்ளம். முன்னால போற வண்டி நின்னுபோச்சுன்னா, பின்னால அத்தனை வண்டியும் நிக்கோணும். நின்னா மேலிருந்து சுடுவான். அப்ப ஆரு பேட்டரின்னு பாக்கறதில்லீங்க. பக்கத்து வண்டியில இருந்து கழட்டி மாட்டிக் கெளப்பறதுதான்."

குப்பண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"ஒருக்கா முன்வண்டிக்காரன் குண்டு பட்டு சீட்டுலயே சாஞ்சு கெடந்தான். என் கூடவே சேந்த பையன். வண்டியக் கெளப்பறதுக்கு நா ஓடிப்போயி அவன் வண்டிப் பொட்டியத் தொறந்தேன். ஒரு கையில தொறந்தேன். இன்னொரு கையில அவனைப் புடிச்சிருந்தேன்." துண்டை மடித்துத் தோளில் போட்டார். "பூட்டிருந்தா சாவிய அவங்கிட்ட எங்கபோயித் தேடறது?"

குங்குமம் வைத்த பூட்டைச் சத்தமில்லாமல் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"இது நெம்ப நல்ல பொட்டிங்க குப்பண்ணா. எவனும் கொறை சொல்ல முடியாது. ஆனா இது நாமக்கல் லாரிப் பொட்டி" என்றார் ஹவில்தார்.

இன்னொருவராக இருந்தால் குப்பண்ணனுக்கு மூக்குமேல் கோபம் வந்திருக்கும். அன்றைக்கு அவர் மூடியைக் கழற்றித் தூக்கிப் பார்த்தார். "ஒரு கையில தூக்கோணும்னா இந்தக் கனம் ஆவாதுங்க. எளந்தகட்டுல புதுசாவே அடிச்சர்றேன்" என்றார். அந்தத் தாமரைப் பெட்டி பிறகு எங்கள் வீட்டில் அரிசி போட உதவியது.

விரலில் இருந்த கிளிப்

மெல்லிய தகட்டில் இரண்டாவது பெட்டி சீக்கிரமே தயாராகிவிட்டது. பூட்டு இல்லை, சரி. கொண்டி இல்லை, சரி. மூடியை எதனால் பிடிப்பது? கரித் தாள் அதைச் சொல்லவில்லை. அது சேஸிஸில் பட்ட தடம். மூடி சேஸிஸில் படுவதில்லை.

ஹவில்தாருக்கும் அந்த கிளிப்பின் உருவம் நினைவில்லை. எத்தனையோ முறை திறந்திருக்கிறார், ஒருமுறையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. விரலுக்கு மட்டும் நினைவிருந்தது. கட்டை விரலைக் கீழே கொடுத்து நெம்புவார். மற்ற விரல்களை மடக்கி இழுப்பார். "டக்குன்னு உட்டுரும்" என்பார். குப்பண்ணன் கம்பியை வளைத்து ஒன்று செய்வார். ஹவில்தார் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்து, இல்லை என்று தலையாட்டுவார். இப்படியே நாட்கள் போயின. மார்கழிக் கோலம் போட ஆரம்பித்துவிட்டார்கள். ரெஜிமெண்டுக்காரர்கள் வருகிற தேதியைச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது.

ஒரு நாள் காலை தங்கவேலு எங்கள் கடைக்கு வந்தான். ரிக்குக்குக் காற்றுக் கொடுக்கும் கம்ப்ரசர் வண்டியைப் புளிய மரத்தடியில் நிறுத்திவிட்டு, அதன் பேட்டரியைச் சார்ஜுக்குத் தூக்கி வந்தான். அவன் எங்கள் வாடிக்கைதான். உள்ளே அப்பா இருப்பது தெரிந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன தங்கவேலு, மொகம் வாடிக் கெடக்குது?" என்றேன்.

"டிரைவரு வண்டியக் காட்டுலயே உட்டுட்டு ஓடிட்டானுங்க்கா. கருசக்காட்டுல எறக்கத் தெரியலை. பொதைச்சுப் போட்டு, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான்" என்றான். பிறகு கண்ணால் உள்ளே காட்டி, "அங்க என்னுங்க பண்றாரு?" என்று கேட்டான்.

உள்ளே ஹவில்தார் வெறும் காற்றில் விரலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

"கிளிப்புக்கு அபிநயம் புடிக்கிறாரு" என்றேன்.

தங்கவேலு சிரிக்கவில்லை. அப்பாவின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். நெம்புகிறார், மடக்குகிறார், விடுகிறார். சட்டென்று திரும்பிக் கம்ப்ரசர் வண்டிக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் கையில் கறுப்புப் பிடித்த ஒரு சிறு இரும்புச் சாமானோடு வந்தான். கம்ப்ரசர் என்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் டப்பாவின் மூடியைப் பிடித்து வைக்கிற கிளிப் அது. ஒரு வளையம், அதை இழுத்துப் பிடிக்க ஒரு நாக்கு. நாக்கை மடக்கினால் வளையம் இறுகும். நெம்பினால் விட்டுவிடும். ரிக்குக்காரன் தினமும் புழுதியில் அதைத்தான் திறந்து மூடுகிறான்.

அதை என் கையில் வைத்து, "அவருகிட்டக் குடுங்க்கா" என்றான்.

நான் கொண்டுபோய் ஹவில்தாரின் உள்ளங்கையில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். கட்டை விரல் தானாக நாக்குக்கு அடியில் போய் நின்றது. டக்.

"இதான்" என்றார். இன்னொரு முறை டக். "இதேதான். இது இன்னுங் கொஞ்சம் அகலமா, அவ்வளவுதான். ஆரு குடுத்தது?"

வாசலைக் காட்டினேன். அவர் பார்த்தார். "அவங்கிட்ட நல்லதுன்னு சொல்லுங்க" என்றார்.

நான் வாசலுக்குப் போய், "நல்லதுன்னு சொல்லச் சொன்னாரு" என்றேன். ஐந்தடி தூரம். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்ச நஞ்சமில்லை.

"ஏன் தங்கவேலு, உனக்கு அந்த வண்டி வேண்டாமா?" என்று கேட்டே விட்டேன்.

"வேணுந்தானுங்க்கா. அது கெடைச்சா என்ற பாடு தீந்துரும்" என்றான். "அதுக்காக, தெரிஞ்சதைத் தெரியாதுன்னு சொல்லீட்டுப் போறதுங்களா?"

கிளிப்பை வைத்துவிட்டுப் போய்விட்டான். கம்ப்ரசர் டப்பாவின் மூடியை அன்றைக்குக் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் ஓட்டினான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். குப்பண்ணன் அதைப் பார்த்து இரண்டு கிளிப் அடித்தார், பூ எதுவும் வைக்காமல்.

சாப் வந்தார்

ரெஜிமெண்டிலிருந்து ஒரு கேப்டனும் (ஹவில்தார் வாயில் அவர் 'சாப்'), அவரோடு ஒரு வயதான மெக்கானிக்கும் ஜீப்பில் வந்தார்கள். ஹவில்தாரின் களத்தில் நாங்களும் போய் நின்றோம். வண்டிக்குப் புதுப் பச்சைப் பெயிண்ட். ஹவில்தார் பழைய யூனிஃபார்ம் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார். பட்டன் எல்லாம் இறுக்கிப் பிடித்தது. தங்கவேலு வாழை மரத்துப் பக்கம் தனியாக நின்றான்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து ஊர்ந்து பார்த்தார். விளக்கைத் தட்டினார், சக்கரத்தை உதைத்தார். பேட்டரிப் பெட்டிக்கு வந்தார். கட்டை விரலைக் கொடுத்தார். டக். டக். மூடியை ஒரு கையால் தூக்கினார். மூடினார். மறுபடி திறந்தார். கேப்டனிடம் இந்தியில் என்னவோ சொன்னார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

கேப்டன் ஹவில்தாரிடம் ஒரு கேள்வி கேட்டார். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி என்னவென்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. இந்தப் பெட்டி அந்தக் காலத்துப் பெட்டியா?

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. குப்பண்ணன் அடித்த பெட்டியை யார் கண்டுபிடிக்க முடியும்? நான் மனசுக்குள் சொல்லுங்க சொல்லுங்க என்று கத்திக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமில்லை. அந்த வண்டி அறுபடக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஹவில்தார் நிமிர்ந்து நின்று இந்தியில் பேசினார். நடுவில் நாமக்கல் என்ற வார்த்தை கேட்டது. எங்கள் பக்கம் கையை நீட்டினார். குப்பண்ணனைக் காட்டினார், என்னைக் காட்டினார். கடைசியில் வாழை மரத்துப் பக்கம் காட்டி, "மேரா பேட்டா" என்றார். என் மகன் என்கிறார், அது எனக்கே புரிந்தது.

கேப்டன் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார். பிறகு அவர் ஹவில்தாரிடம் மெதுவாகப் பேசினார். ஹவில்தார் எங்களைத் திரும்பிப் பார்த்தபோது முகமே மாறியிருந்தது.

"எடுத்துக்கறேங்கறாருங்க. ஆனா மூடிக்கு உள்பக்கம் எங்க செஞ்சதுன்னு அடிச்சிரோணுமாம். இது புதுசுன்னு பின்னால பாக்கறவங்களுக்குத் தெரியோணுமாம்."

குப்பண்ணன் அங்கேயே உட்கார்ந்து உளியை எடுத்தார். வெளியே தெரியாத இடத்தில், மூடியின் உள்பக்கம், ஒவ்வொரு எழுத்தாக 'நாமக்கல்' என்று அடித்தார். கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூவும் வைத்தார். கேப்டன் பார்த்துவிட்டுச் சிரித்தார், அழிக்கச் சொல்லவில்லை.

திரும்பிப் பார்த்தேன். தங்கவேலு வாழை மரத்தடியில் இல்லை. ரிக்கைப் பார்க்கப் போய்விட்டான்.

மலைக்கும் பிறகும்

தை பிறப்பதற்கு முன்பே வண்டி கிளம்பியது. பேட்டரி கட்டியவர்கள் கூட வர வேண்டும் என்று ஹவில்தார் சொல்லிவிட்டார். நானும் வீட்டுக்காரரும் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் பெஞ்சில் உட்கார்ந்தோம். முன்னால் ஹவில்தாருக்குத் துணையாக ஒருவர் வேண்டும் என்று அவர் வீட்டம்மா பிடிவாதம் பிடித்துத் தங்கவேலுவை ஏற்றி அனுப்பினார். அந்த அம்மாள் லேசுப்பட்டவர் இல்லை.

மலை ஏறும்போது நான் முன்பக்கத்து ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். வளைவுக்கு முன்பே ஹவில்தார் கியரை மாற்றுவார். என்ஜின் ஒருமுறைகூடத் திணறவில்லை. தங்கவேலு ரோட்டைப் பார்க்கவில்லை. அப்பாவின் காலையும் கையையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பிறந்ததிலிருந்து அவர் லீவில் வருகிற ஆள், பிறகு வெற்றிலை கிள்ளுகிற ஆள். அவர் வண்டி ஓட்டி அவன் பார்த்ததே கிடையாதாம்.

மலைமேல் குளிரில் வரிசையாக நின்று வண்டியை வரவேற்றார்கள். எங்களுக்கு டீ கொடுத்தார்கள். ஹவில்தார் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். வண்டியை ஒருமுறை தட்டிக் கொடுத்தார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அழுவாரோ என்று நான்தான் பயந்துகொண்டிருந்தேன். அவர் இரண்டாவது டீ கேட்டு வாங்கிக் குடித்தார்.

திரும்பும்போது பஸ். அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே சீட்டில்தான் இடம் கிடைத்தது. நாங்கள் அவர்களுக்குப் பின் சீட்டில். மலை இறங்கி முடியும்வரை இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

சமவெளிக்கு வந்து கொஞ்ச தூரத்தில், ரோட்டோரக் கருசக்காட்டில் ஒரு ரிக் வண்டி பின்சக்கரம் புதைந்து நின்றது. நாலைந்து பேர் கல்லைப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் என்ஜினை முறுக்க முறுக்கச் சக்கரம் சேற்றை வாரி இறைத்தது. ஹவில்தார் ஜன்னலில் தலையை நீட்டி, அது மறையும்வரை பார்த்தார்.

"இப்படி முறுக்குனா இன்னுமல்ல பொதையும்" என்று முணுமுணுத்தார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டு, அவங்கிட்டக் கேளுங்க அம்மிணி என்று எதையாவது சொல்லப்போகிறார் என்று நான் முன்னால் சாய்ந்தேன்.

"உங்க ரிக்கு வண்டிக்கு டிரைவரு கெடைச்சானா?" ஜன்னலைப் பார்த்தபடியே ஹவில்தார் கேட்டார்.

தங்கவேலு என்னைத் திரும்பிப் பார்த்தான். வழக்கம்போல நான்தான் கேள்வியை அவனிடம் கொண்டுவருவேன் என்று நினைத்துவிட்டான். நான் வாயை மூடிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தேன். அவன் மெதுவாக அப்பா பக்கம் திரும்பினான்.

"இன்னும் இல்லீங்கப்பா."

"லைசென்சு என்கிட்ட இன்னும் இருக்குது" என்றார் ஹவில்தார். "காலையில நா வாரேன். மொதல்ல காட்டைக் காட்டு, அப்புறம் வண்டியக் காட்டு."

தங்கவேலு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பஸ்ஸுக்குள் அப்படியொன்றும் வெக்கை இல்லை.